இரண்டு அன்வர்கள், ஒரு வழக்கு

பெர்லின் நகரின் தெற்குக் கோடியில் மரியன்ஃபெல்டே என்ற இடத்தில் ஓர் அகதி முகாம் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக 1953-ல் திறக்கப்பட்டது. 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வாசலைக் கடந்து மேற்கே புது வாழ்க்கைக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகிப் பல ஆண்டுகள் கழித்து, 2010-ல், அதே கட்டடங்கள் மறுபடியும் அகதிகளுக்குத் திறந்தன. இம்முறை வந்தவர்கள் வேறு தேசத்தவர்கள். 2014-ல் அங்கே வந்து இறங்கிய சிரியக் குடும்பங்களில் ஒன்று அன்வர் அல்-புன்னியின் குடும்பம்.

புன்னி டமாஸ்கஸில் பெயர் பெற்ற மனித உரிமை வழக்கறிஞர். அரசியல் கைதிகளுக்காக வாதாடி, பிறகு தானே அரசியல் கைதியாகி ஐந்து ஆண்டுகள் உள்ளே இருந்தவர். பெர்லினுக்கு வந்தபோது வயது 55. முகாமில் ஒருநாள், மனைவியோடு போகையில் எதிரே வந்த ஒருவரைப் பார்த்ததும் எங்கோ பார்த்த முகமாகத் தோன்றியது. யாரென்று பிடிபடவில்லை. சில நாள் கழித்து நண்பர் ஒருவர் பெயரைச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அன்வர் ரஸ்லான். சிரிய உளவுத்துறையின் கர்னல். 2006 மே 17 அன்று டமாஸ்கஸில் வீட்டு வாசலில் வைத்துத் தன்னைத் தூக்கிச் சென்றவர் இவர்தான் என்று புன்னி பிற்பாடு சொன்னார்.

பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே நாட்டிடம் அடைக்கலம் கேட்டு, ஒரே முகாமில் தங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு பெர்லினில் ஒரு கடை வாசலில் இன்னொரு முறையும் ரஸ்லானைப் பார்த்தார் புன்னி. அப்போதும் எதுவும் செய்யவில்லை. செய்யச் சட்டத்தில் வழி இருப்பதாக அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரி 13 அன்று, ரஸ்லானுக்கு ஒரு ஜெர்மன் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சிரிய அரசின் சித்திரவதைக் கூடங்களுக்காக அந்த அரசின் உயரதிகாரி ஒருவர் உலகில் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டது அன்றுதான். அந்த எட்டு ஆண்டுகளில் புன்னி என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை. அதே ஆண்டுகளில், அதே பாதையில் நடந்து, போய்ச் சேராத இன்னொருவரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது.

சிறை இருந்த குடும்பம்

புன்னி 1959-ல் ஹமா நகரில் பிறந்தவர். இடதுசாரிக் குடும்பம். அண்ணன் தம்பிகள், சகோதரி என்று வீட்டில் பலரும் ஹஃபெஸ் அல்-அசாத் காலத்திலேயே சிறைக்குப் போனவர்கள். அவர்கள் எல்லாருடைய தண்டனைக் காலத்தையும் கூட்டினால் 60 ஆண்டுகளைத் தாண்டும். உடன்பிறந்தவர்களுக்கு வக்கீல் தேவைப்பட்ட வீட்டில் ஒருவர் வக்கீலானார்.

2000-ல் தந்தை ஹஃபெஸ் இறந்து மகன் பஷார் அல்-அசாத் பதவிக்கு வந்தபோது, டமாஸ்கஸில் சில மாதங்கள் வீடுகளில் கூடி அரசியல் பேச முடிந்தது. டமாஸ்கஸ் வசந்தம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே அப்படிக் கூடியவர்களைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். அவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர்களில் புன்னியும் ஒருவர். சிரியா - லெபனான் உறவைச் சீர்செய்யக் கோரிய ஓர் அறிக்கையில் 2006-ல் கையெழுத்திட்டார். அதற்குத்தான் கைது. 2007 ஏப்ரலில் ஐந்து ஆண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. டமாஸ்கஸை அடுத்த அத்ரா சிறையிலிருந்து 2011 மே மாதம் அவர் வெளியே வந்தபோது ஊர் வேறாகியிருந்தது. தெருவெல்லாம் போராட்டம், அதன்மீது துப்பாக்கிச்சூடு, இரவானால் வீடு புகுந்து கைது. உடனே மறுபடியும் கைதானவர்களின் வழக்குகளை எடுத்துக்கொண்டார். மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். அதற்கு மேல் இருந்தால் உயிர் தங்காது என்ற நிலையில் நாட்டை விட்டு வெளியேறினார்.

நாடு விட்டு வந்தவர் இழப்பதில் வீடும் ஊரும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாமல் போவது தொழில். சிரியாவில் படித்த சட்டத்தை வைத்துக்கொண்டு ஜெர்மன் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஐம்பதைத் தாண்டிய வயதில் புது மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். அரபு மொழியில் நீதிபதியையே மடக்கிக் கேள்வி கேட்ட மனிதர், இங்கே ஒரு படிவத்தை நிரப்ப மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும். டொரொன்டோவிலும் சூரிச்சிலும் பெர்லினிலும் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிய ஈழத்து ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புன்னிக்குக் கைகொடுத்தது அவர் ஏற்கெனவே அறிந்திருந்த ஒரு விஷயம். சிரிய உளவுத்துறையின் எந்தக் கிளை எந்தத் தெருவில் இருக்கிறது, யாருக்கு யார் மேலதிகாரி, கைதி எங்கிருந்து எங்கே மாற்றப்படுவார், எந்த ஆவணத்தில் யார் கையெழுத்து இருக்கும் என்பதெல்லாம் முப்பது ஆண்டுகளாக அவர் பார்த்து வந்தவை. ஜெர்மன் காவல்துறையிடம் அந்த அறிவு இல்லை. ஜெர்மனியில் வந்து குவிந்திருந்த பல லட்சம் சிரியர்களில் அடிபட்டவர்கள் யார், பேசத் தயாராக இருப்பவர்கள் யார் என்று கண்டுபிடிக்கவும் அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. சிரியச் சட்ட ஆய்வுகளுக்கான மையம் ஒன்றை பெர்லினில் அமைத்து, வொல்ஃப்காங் காலெக் என்ற ஜெர்மன் வழக்கறிஞர் நிறுவிய மனித உரிமை அமைப்போடு சேர்ந்து, சாட்சிகளைத் தேடும் வேலையில் இறங்கினார் புன்னி. முன்னாள் கைதி ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசினால் இன்னொரு முன்னாள் கைதி கதவைத் திறப்பார். காவல்துறை அழைத்தால் திறக்க மாட்டார். சிரியாவில் கற்ற பாடம் அது.

ஏன் ஜெர்மனியில்?

சிரியா சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு சபை நினைத்தால் அந்த நீதிமன்றத்துக்கு வழக்கை அனுப்பலாம். 2014 மே மாதம் அதற்கான தீர்மானம் வந்தபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. அந்தக் கதவு அடைபட்டது. மிச்சமிருந்தது, தனித்தனி நாடுகளின் சட்டம். ஜெர்மனியில் 2002-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் குற்றங்கள் சட்டத்தின்படி, மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்தை உலகின் எந்த மூலையில், யார், யாருக்குச் செய்திருந்தாலும் ஜெர்மன் நீதிமன்றம் விசாரிக்கலாம். குற்றவாளியோ பாதிக்கப்பட்டவரோ ஜெர்மானியராக இருக்க வேண்டியதில்லை.

இந்த வழியை நம்மவர்களும் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். இலங்கையின் முன்னாள் ராணுவத் தளபதி ஜகத் ஜயசூரிய பிரேசிலில் தூதராக இருந்தபோது, 2017-ல் போர்க்குற்றப் புகார்கள் அவர்மேல் பிரேசிலிலும் கொலம்பியாவிலும் பதிவாயின. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். புகார் வெளியே தெரிய வந்தபோது பிரேசிலிலிருந்து கிளம்பியிருந்தார். சட்டம் இருந்தாலும் ஆள் அந்த மண்ணில் இருக்க வேண்டும். ரஸ்லான் ஜெர்மனியிலேயே இருந்தார்.

அவர் 2012 இறுதியில் அசாத் அரசைக் கைவிட்டு ஜோர்டானுக்குப் போனவர். எதிர்க்கட்சியினரோடு சேர்ந்து, 2014-ல் சிரியா பற்றிய ஜெனீவா பேச்சுவார்த்தைக்குக்கூடப் போனார். கட்சி மாறியதும் கணக்கு தீர்ந்துவிட்டது என்றே அவர் நினைத்திருக்க வேண்டும். ஏனென்றால், 2015-ல் அவரே பெர்லின் காவல்நிலையம் ஒன்றுக்குப் போய், சிரிய உளவாளிகள் தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லிப் பாதுகாப்பு கேட்டார். தான் யார், என்ன பதவி வகித்தேன் என்பதையும் சொன்னார். பின்னால் இன்னொரு வழக்கில் சாட்சியாக விசாரித்தபோதும் தன் பழைய வேலையைப் பற்றி விளக்கினார். அந்த வாக்குமூலங்கள் அவருடைய வழக்கிலேயே வந்து சேர்ந்தன. 2019 பிப்ரவரியில் கைது. அவரோடு அதே நாளில், கீழ்மட்ட ஊழியர் எயாத் அல்-கரீபும் பிடிபட்டார்.

2020 ஏப்ரல் 23. ரைன் நதியும் மோசல் நதியும் கூடும் கோப்லென்ஸ் என்ற சிறிய ஊரில், கொரோனா முகக்கவசங்களுக்கும் கண்ணாடித் தடுப்புகளுக்கும் நடுவே வழக்கு தொடங்கியது. ரஸ்லான் விசாரணைப் பிரிவின் தலைவராக இருந்த இடம் டமாஸ்கஸின் அல்-கதீப் பகுதியில் உள்ள 251-ஆம் கிளை. நகரின் நடுவே, ஆள் நடமாட்டமுள்ள தெருவில் அமைந்த கட்டடம். அதன் நிலவறையில் 2011 ஏப்ரல் முதல் 2012 செப்டம்பர் வரை குறைந்தது 4,000 பேர் சித்திரவதை செய்யப்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மின்சாரம் பாய்ச்சுவது, உள்ளங்காலில் அடிப்பது, மணிக்கட்டில் கட்டித் தொங்கவிடுவது. உட்காரக்கூட இடமில்லாத அறைகளில் முறைவைத்துத் தூங்கியதைச் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக விவரித்தார்கள். ரஸ்லான் தானாக வாய் திறக்கவில்லை. தான் யாரையும் அடிக்கவில்லை, அடிக்கச் சொல்லவும் இல்லை என்ற அவருடைய அறிக்கையை வழக்கறிஞர்கள் வாசித்தார்கள்.

80-க்கும் மேற்பட்ட சாட்சிகள், 108 நாள் விசாரணை. ஊரில் உறவினர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று அஞ்சி, பெயரும் முகமும் மறைத்து வந்தவர்கள் உண்டு. அப்படி வந்த ஒருவர், டமாஸ்கஸ் மாநகராட்சியின் அடக்கப் பிரிவில் வேலை பார்த்தவர். குளிரூட்டிய லாரிகள் வாரத்தில் சில முறை, உளவுத்துறைக் கிளைகளிலிருந்தும் ராணுவ மருத்துவமனைகளிலிருந்தும் உடல்களை ஏற்றிக்கொண்டு வந்ததையும், நஜ்ஹாவிலும் குதைஃபாவிலும் நீளமான குழிகளில் அவை கொட்டப்பட்டதையும் சொன்னார். உடல்களில் பெயர் இல்லை, எண்தான். இன்னொரு நாள் கொலோன் நகரத் தடய மருத்துவர் ஒருவர், சீஸர் என்ற புனைபெயரில் அறியப்பட்ட சிரிய ராணுவப் புகைப்படக்காரர் கடத்திக் கொண்டுவந்த படங்களைத் திரையில் காட்டி, ஒவ்வொரு காயமும் எதனால் ஏற்பட்டது என்று விளக்கினார். 6,700-க்கும் மேற்பட்ட கைதிகளின் பிணங்கள் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. எந்த அரசு கொன்றதோ அதே அரசு எண் போட்டுப் படமெடுத்து அடுக்கி வைத்தது.

நீதிமன்றத்துக்கு வெளியே வஃபா முஸ்தஃபா என்ற இளம்பெண், காணாமல்போனவர்களின் சட்டமிட்ட படங்களைத் தரையில் வரிசையாக அடுக்கி நடுவில் உட்கார்ந்தார். அவருடைய அப்பா 2013-ல் பிடித்துச் செல்லப்பட்டவர். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் கேட்பதும் இந்தப் பெண் கேட்டதும் ஒன்றுதான்: எங்கே அவர்?

இவ்வளவும் நடந்த அறையில் ஒரு பெரிய குறை இருந்தது. விசாரணை ஜெர்மன் மொழியில் நடந்தது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்த சிரியர்களுக்கு மொழிபெயர்ப்பு இல்லை. தங்கள் வதையைப் பற்றிய வழக்கை, தாங்களே புரிந்துகொள்ள முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரியப் பத்திரிகையாளர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய்த்தான், அதுவும் அனுமதி பெற்ற அரபு மொழி நிருபர்களுக்கு மட்டும், மொழிபெயர்ப்பைக் கேட்கும் உரிமையைப் பெற்றார்கள். ஜெர்மன் நீதிமன்ற வழக்கப்படி வார்த்தைக்கு வார்த்தை பதிவும் கிடையாது. வரலாற்றுக்காக ஒலிப்பதிவு செய்யுங்கள் என்ற வேண்டுகோளையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தனை பேர் நடுங்கும் குரலில் சொன்ன சொற்கள், உரிமை அமைப்புகளின் பார்வையாளர்கள் குறிப்பேட்டில் எழுதிய அளவுக்குத்தான் மிஞ்சின. இதை நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நீதி வழங்கிய நாடு, அந்த நீதி யாருக்காக என்பதைக் கொஞ்சம் மறந்துவிட்டது.

ஆனாலும் தீர்ப்பு வந்தது. 27 கொலைகள், சித்திரவதை, பாலியல் வன்முறை உள்ளிட்ட குற்றங்களுக்கு ரஸ்லான் பொறுப்பு என்றும், இவை தனி மனிதக் கொடுமைகள் அல்ல, ஓர் அரசு திட்டமிட்டு நடத்திய தாக்குதலின் பகுதி என்றும் நீதிமன்றம் சொன்னது. எயாத் அல்-கரீபுக்கு அதற்கு முந்தைய ஆண்டே நாலரை ஆண்டுச் சிறை கிடைத்திருந்தது. ரஸ்லான் என்ற ஒற்றை மனிதரைப் பழி தீர்ப்பது தன் நோக்கம் இல்லை, அந்த முழு இயந்திரமும் குற்றவாளி என்று நிறுவுவதுதான் வேலை என்று புன்னி பல பேட்டிகளில் சொல்லிவந்தார்.

மாஸென் ஹமாதா

இதை வெற்றிக் கதையாக இங்கே முடித்துவிடலாம். முடித்தால் அது பாதி உண்மை.

மாஸென் ஹமாதா, கிழக்கே தெய்ர் எஸ்ஸோர் ஊர்க்காரர். எண்ணெய் வயல்களில் சேவை செய்யும் பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்ப ஊழியர். முற்றுகையிலிருந்த பகுதியின் குழந்தைகளுக்குப் பால் பவுடர் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது 2012-ல் டமாஸ்கஸில் பிடிபட்டார். விமானப்படை உளவுத்துறையின் மெஸ்ஸே கூடத்தில் விலா எலும்புகளை உடைத்தார்கள். மணிக்கட்டில் தொங்கவிட்டார்கள். இங்கே எழுத முடியாத கொடுமைகளும் செய்தார்கள். 2013-ல் வெளியே வந்தார். 2014-ல் நெதர்லாந்தில் அடைக்கலம் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர் செய்தது ஒன்றே ஒன்று. பேசினார். ஐரோப்பிய நகரங்களில், அமெரிக்காவில், பல்கலைக்கழகங்களில், அதிகாரிகள் முன்னால், கேமரா முன்னால். 2017-ல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில் அவரைப் பார்க்கலாம். ஒல்லியான முகம், குழி விழுந்த பெரிய கண்கள். தன்னை வதைத்தவர்களை என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வெகுநேரம் பதில் வரவில்லை, கண்ணீர்தான் வருகிறது. பிறகு, சட்டத்தின் முன் நிறுத்துவேன் என்கிறார். அந்தக் காட்சியை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக் கண்கலங்கினார்கள். கூட்டம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஹமாதா அடுத்த ஊரில் மறுபடியும் அதே விலா எலும்பிலிருந்து தொடங்கினார்.

ஆண்டுகள் போயின. அசாத் அசையவில்லை. குண்டுவீச்சும் நிற்கவில்லை. நெதர்லாந்தில் வீட்டுச் சிக்கலும் பணச் சிக்கலும் நெருக்கின. மனம் உடைந்துகொண்டே வந்ததை நண்பர்கள் பார்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அவர் யாரும் நம்ப முடியாத ஒரு காரியம் செய்தார். டமாஸ்கஸுக்கே விமானம் ஏறினார். அங்கே இறங்கியதோடு காணாமல்போனார். கோப்லென்ஸ் வழக்கு தொடங்க இரண்டு மாதம்தான் இருந்தது.

2024 டிசம்பர் 8 அன்று அசாத் ரஷ்யாவுக்கு ஓடினார். ஸைத்னாயா சிறையின் கதவுகளை உடைத்து மக்கள் உள்ளே போனார்கள். அதற்கடுத்த நாளில், ஹரஸ்தா ராணுவ மருத்துவமனையின் பிணவறையில் கிடந்த உடல்களில் ஒன்று ஹமாதாவுடையது என்று அடையாளம் தெரிந்தது. உடலில் வதையின் தடயங்கள். இறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. டிசம்பர் 12 அன்று டமாஸ்கஸ் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அவரைத் தூக்கிச் சென்றார்கள்.

இரண்டு பேரின் மனவலிமையை ஒப்பிட்டுப் பார்ப்பது அநியாயம். ஹமாதா அனுபவித்த வதை வேறு அளவு. ஆனால் ஒரு வித்தியாசம் என்னை விடாமல் உறுத்துகிறது. புன்னி கேட்டு வாங்கிய ஒவ்வொரு சாட்சியமும் ஒரு கோப்பில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கோப்பு ஒரு காவல்துறை அதிகாரியிடம், அங்கிருந்து ஒரு நீதிபதியிடம் போயிற்று. ஹமாதாவின் சாட்சியத்துக்குப் பெரும்பாலும் கைதட்டல்தான் கிடைத்தது. அகதிக்கு வீடும் உதவித்தொகையும் மொழி வகுப்பும் தருவதோடு கடமை முடிந்தது என்று புகலிட நாடுகள் நினைக்கின்றன. பெர்லினில் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கான சிகிச்சை மையம் 1992-லிருந்து இயங்குகிறது, நல்ல காரியம். ஆனால், சிறையிலிருந்து வந்தவரிடம் திரும்பத் திரும்பக் கதை கேட்கிறோம் என்றால், அந்தக் கதையை வைத்து ஏதாவது செய்யும் பொறுப்பும் கேட்பவர்களுக்கு வந்துவிடுகிறது. பத்திரிகைக்காரர்களாகிய நாங்களும் அதில் அடக்கம்.

திரும்பிப் போவது

இன்னும் இரண்டு பேரையாவது குறிப்பிட வேண்டும். ரியாத் அல்-துர்க், சிரியாவின் முதுபெரும் இடதுசாரித் தலைவர். 17 ஆண்டுகளுக்கு மேல் நிலவறையில் தனிமைச் சிறை. இரவுச் சூப்பில் மிதந்து வரும் வேகாத கறுப்புத் தானியங்களைப் பொறுக்கி, காயவைத்து, படுக்கை விரிப்பில் அவற்றை அடுக்கிப் படங்கள் உருவாக்குவார். கலைப்பார். மறுபடி அடுக்குவார். புத்தகமோ பேனாவோ தராத இடத்தில் புத்தி பேதலிக்காமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது. தொண்ணூறை நெருங்கும் வயதில்தான் நாட்டை விட்டுப் பாரீஸுக்கு வந்தார். 2024-ன் முதல் நாளில் அங்கேயே இறந்தார். இன்னும் 11 மாதத்துக்குச் சற்று மேல் இருந்திருந்தால் அசாத் ஓடியதைப் பார்த்திருப்பார்.

யாசின் அல்-ஹாஜ் சாலே, அலெப்போவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது 1980-ல் பிடிபட்டு 16 ஆண்டுகள் சிறை இருந்தவர். வெளியே வந்து பட்டத்தை முடித்தார், மருத்துவராகவில்லை, எழுத்தாளரானார். இப்போது பெர்லினில் இருக்கிறார். அவர் மனைவி சமீரா கலீலும் முன்னாள் அரசியல் கைதி. 2013 டிசம்பரில் டமாஸ்கஸ் புறநகரான தூமாவில் வழக்கறிஞர் ரஸான் ஸைத்தூனே, இன்னும் இருவரோடு சமீரா கடத்தப்பட்டார். அப்போது அந்த ஊர் அசாத்தின் கையில் இல்லை. இஸ்லாமிய ஆயுதக் குழு ஒன்றின் பிடியில் இருந்தது.

அசாத் விழுந்த மறுநாளே சிரியர்களின் அடைக்கல விண்ணப்பங்கள் மீதான முடிவுகளை ஜெர்மனி நிறுத்தி வைத்தது. இனி ஊர் திரும்பலாமே என்ற பேச்சு அரசியல்வாதிகளிடம் உடனே கிளம்பியது. ஜெர்மன் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், டமாஸ்கஸில் இடிந்து கிடக்கும் வீடு, பாதியில் நிற்கும் வழக்குகள் என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் ஒருவர் முடிவெடுக்க முடியும். வழக்குகள் நிற்கவும் இல்லை. கைதிகளை வதைத்த சிரிய ராணுவ மருத்துவர் ஒருவருக்கு 2025 ஜூனில் ஃப்ராங்ஃபர்ட் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது.

2025 மே 17 அன்று டமாஸ்கஸின் புதிய அரசு இரண்டு ஆணையங்களை அறிவித்தது. ஒன்று காணாமல்போனவர்களைத் தேட. மற்றொன்று கடந்தகாலக் குற்றங்களுக்குப் பொறுப்பானவர்களை விசாரிக்க. புன்னி தெருவில் வைத்துத் தூக்கப்பட்டதும் ஒரு மே 17-ல்தான், 19 ஆண்டுகளுக்கு முன். இப்படி ஓர் ஆணையம் டமாஸ்கஸிலேயே அமையும் என்று அன்று சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? ஆனால் இரண்டாவது ஆணையத்தின் எல்லையை ஆணையிலேயே வகுத்துவிட்டார்கள். முந்தைய ஆட்சி செய்த குற்றங்களை மட்டும் அது விசாரிக்கும். ஆயுதக் குழுக்கள் செய்தவை அதில் வராது. உரிமை அமைப்புகள் உடனே கண்டித்தன. அந்த எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்களில் சமீரா கலீலும் ரஸான் ஸைத்தூனேயும் இருக்கிறார்கள். அசாத்தின் சிறையில் 16 ஆண்டுகளை இழந்த ஒருவர், அசாத் போன பிறகும், தன் மனைவி எங்கே என்ற கேள்வியோடு பெர்லினில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.